பவர் சப்ளையுடன் ஓர் அளவீட்டுத் தாள்: கிளிநொச்சியில் ஒரு கணினித் திருத்தகம்

சுவர் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பெட்டிதான் பவர் சப்ளை. அதை மாற்றிக் கொடுக்கும் கடைகளுக்கு வன்னியில் இப்போது பஞ்சமில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பணம் கொடுத்தால் அன்றைக்கே மாற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். ஆனால், மாற்றிய பின்னர் அதிலிருந்து 12, 5, 3.3 வோல்ற்று என்று மின்சாரம் வெளிவரும் ஒவ்வொரு வழியின் வோல்ற்றளவையும் மீற்றரால் அளந்து, ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, பற்றுச்சீட்டோடு சேர்த்துத் தரும் கடையாக நான் கண்டது, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு சிறிய திருத்தகத்தை மட்டுமே. அதன் பலகையில் “கணினி திருத்தப்படும்” என்பதைத் தவிர வேறு பெயரே இல்லை. இந்த மதிப்புரையில் கடையைப் பற்றிச் சொல்வதைவிட அந்தத் தாளைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன். தாளை வாங்கிச் சென்றவர்கள் வீட்டில் கணினித் திரையில் வேறு எண்களைக் கண்டு, “நீங்கள் எழுதித் தந்தது பொய்” என்று திரும்பி வந்து சண்டை பிடிப்பதாகக் கடைக்காரத் தம்பி சொன்னார். அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை தேவையற்றவை. ஓரிரண்டு மட்டும் நியாயமானவையாக இருக்கக்கூடும்.

மல்லாவியில் ஒரு சிறிய ஸ்ரூடியோ நடத்துகிறேன். திருமண வீடியோக்களைத் தொகுப்பதற்காக வாங்கிய கணினி, எழுதும் வேலைக்கும் படம் அச்சிடும் வேலைக்கும் எந்தக் குறையுமின்றி ஓடிவந்தது. தொகுத்த வீடியோவை இறுதியாக வெளியே எடுக்கும் நேரத்தில், அதாவது புரொசசர் என்ற மையச் சில்லும் கிராபிக்ஸ் காட் என்ற பட அட்டையும் ஒன்றாக உழைக்கும் நேரத்தில் மட்டும், தானாகவே நின்று மீண்டும் தொடங்கிவிடும். இந்த அறிகுறியைச் சொன்னதும் சில கடைகளில் விண்டோசை மீள நிறுவச் சொல்வார்கள். இந்தத் தம்பி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையின் ஒட்டுத்தாளைக் கைபேசி வெளிச்சத்தில் வாசித்தார். பெரிய எழுத்தில் 500 உவாற்று என்று இருந்தது. அதன் கீழே இருந்த சிறிய அட்டவணையில் 12 வோல்ற்று வழிக்கு 18 அம்பியர் என்று எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 உவாற்று. இன்றைய கணினிகளில் புரொசசரும் கிராபிக்ஸ் காட்டும் தமக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ற்று வழியிலிருந்தே எடுக்கின்றன என்பதால், 500 என்ற அந்தப் பெரிய எண் அலங்காரம் மட்டுமே. பவர் சப்ளை வாங்குபவர்கள் பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தால், நம் ஊர்க் கடைகளில் விற்கப்படும் பெயர் தெரியாத பல பவர் சப்ளை அலகுகளின் உண்மை நிலை அப்போதே தெரிந்துவிடும்.

அதோடு அவர் நிறுத்திக்கொள்ளாதது எனக்குப் பிடித்தது. கணினியைச் சுமையேற்றும் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, பழைய நான்கு முனை இணைப்பியின் மஞ்சள் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும் மல்ரிமீற்றரின் ஊசிகளை வைத்து எனக்குக் காட்டினார். சும்மா இருக்கும்போது 11.78 காட்டிய மீற்றர், சுமை ஏறியதும் 11.21 வரை இறங்கியது. சில விநாடிகளில் கணினி மீண்டும் தொடங்கியது. கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிமுறையின்படி 12 வோல்ற்று வழி ஐந்து வீதத்துக்கு மேல் விலகக்கூடாது, அதாவது 11.40க்கும் 12.60க்கும் இடையில் நிற்க வேண்டும். பழையதைப் பழுதென்று சொல்லி விற்பவர் எவரும் விற்கலாம். பழுதை எண்ணாகக் காட்டிவிட்டு விற்பவர் குறைவு.

புதிதாகப் பொருத்தியது 80 பிளஸ் புரொன்ஸ் தரம் கொண்ட 550 உவாற்று அலகு. மதிப்புரை சேவையைப் பற்றியது என்பதால் நிறுவனப் பெயரை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். 80 பிளஸ் முத்திரை, சுவர் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு வீணாகாமல் கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்ற வினைத்திறனைத்தான் சொல்கிறது. வோல்ற்றளவு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்தாலும், முத்திரையைப் பார்த்து அளவீட்டை ஊகிக்க முடியாது.

இனித் தாளுக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த தாளில் 12 வோல்ற்று வழிக்கு 12.08, 5 வோல்ற்று வழிக்கு 5.03, 3.3 வோல்ற்று வழிக்கு 3.34, கணினி அணைந்திருக்கும்போதும் உயிரோடிருக்கும் துணை 5 வோல்ற்று வழிக்கு 5.05, எதிர் (மைனஸ்) 12 வோல்ற்றுக்கு எதிர் 11.9 என்று எழுதப்பட்டிருந்தது. ஐந்து வோல்ற்று வழிகள் இரண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வரை, 3.3 வழிக்கு ஏறத்தாழ 3.14 முதல் 3.47 வரை, எதிர் 12க்கு மட்டும் பத்து வீதம் என்பதால் எதிர் 10.8 முதல் எதிர் 13.2 வரை. தாளில் இந்த எல்லைகள் அச்சிடப்படவில்லை. வாங்குபவருக்கு 12.08 என்பது 12 அல்லவே என்ற கவலைதான் முதலில் வரும். எல்லையை ஓரத்தில் எழுதிவிட்டால் கடைக்கு வரும் சண்டைகளில் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

மறுபாதிச் சண்டை, விண்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயோசில் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்து பயோசைத் திறந்தபோது 12 வோல்ற்று வழி 11.904 என்று காட்டியது. எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் 11.904, 12.000 என்ற இரண்டுக்கும் இடையில் தாவிக்கொண்டிருந்தது. சில வேளைகளில் 12.096 ஆனது, இடைப்பட்ட எண் எதுவும் வரவேயில்லை. தாளில் இருப்பதோ 12.08. பார்ப்பவருக்கு, புதிய பவர் சப்ளை நிலையாக நிற்காமல் ஆடுவது போலவே தோன்றும். உண்மையில் ஆடுவது அளக்கும் கருவி. கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போட்டில் விசிறிகளையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் ஒரு சிறிய சில்லு உண்டு. அதனால் இரண்டு வோல்ற்று அளவுக்கு மேல் நேரடியாக அளக்க முடியாது என்பதால், 12 வோல்ற்றை இரண்டு தடையிகளால் பிரித்து ஒரு சிறு பங்கை மட்டும் அதற்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பங்கை அது 256 படிகளாக மட்டுமே பார்க்கிறது. ஒரு படி 8 மில்லிவோல்ற்று. பன்னிரண்டில் ஒரு பங்காகப் பிரித்திருந்தால், மீண்டும் பெருக்கிக் காட்டும்போது ஒரு படி 96 மில்லிவோல்ற்றாக விரிந்துவிடும். 11.904க்கும் 12.000க்கும் உள்ள வித்தியாசம் துல்லியமாக அந்த 96தான். கொத்தால் நெல் அளப்பவருக்கு ஒரு கைப்பிடி நெல் கூடியதும் குறைந்ததும் தெரியாதது போல, அந்தச் சில்லுக்கு இடைப்பட்ட எண்கள் தெரியாது. வேறு வகைச் சில்லு உள்ள மதர்போட்டில் படி 64 மில்லிவோல்ற்றாக இருக்கலாம், அப்போது 11.968, 12.032, 12.096 என்ற வரிசையில் எண்கள் வரும். எண்கள் எப்போதும் ஒரே அளவு இடைவெளியில் தாவினால் அது சில்லின் படி என்று தெரிந்துகொள்ளலாம். படியோடு தடையிகளின் பெறுமானத்தில் உள்ள சிறு வழுவும் சேர்கிறது. ஒரு வீத வழுவே 12 வோல்ற்றில் 120 மில்லிவோல்ற்று ஆகிறது. ஆகவே மீற்றருக்கும் பயோசுக்கும் 0.1 முதல் 0.2 வோல்ற்று வரை வேறுபாடு இருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடைக்காரர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “அண்ணை, மீற்றர் சொல்லுறதையும் கொம்பியூட்டர் சொல்லுறதையும் ஒரே தராசிலை வைக்காதையுங்கோ.” காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில மென்பொருள்கள் இதைவிடப் பெரிய பீதியைக் கிளப்பும். 12 வோல்ற்று வழி 8 வோல்ற்று என்றும், எதிர் 12 வழி எதிர் 5 என்றும், 5 வோல்ற்று வழி 3 என்றும் காட்டும் திரையின் படங்களைப் பலர் கைபேசியில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார்களாம். சில்லின் எந்த முனையில் எந்த வழியை இணைத்தார்கள், எந்த விகிதத்தில் பிரித்தார்கள் என்பதை மதர்போட் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். அந்த விபரம் தெரியாத மென்பொருள் ஒரு ஊகத்தை வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது. எதிர் 12 வழியை இன்றைய மதர்போட்டுகள் பலவற்றில் கண்காணிப்பதே இல்லை. அது சீரியல் போட் என்ற பழைய இணைப்பு வாயின் காலத்து மிச்சம். 12 வோல்ற்று வழி உண்மையாகவே 8க்கு இறங்கினால், எல்லாம் சரி என்று மதர்போட்டுக்குத் தெரிவிக்கும் சமிக்ஞையைப் பவர் சப்ளை நிறுத்திவிடும்; அதன் காப்புச் சுற்றும் குறுக்கிடும்; கணினி அந்தக் கணமே நின்றுவிடும். அந்த எண்ணைத் திரையில் வாசித்துக்கொண்டிருக்க முடிகிறது என்பதே அந்த எண் பிழை என்பதற்குச் சான்று.

வேறு இரண்டு எண்களும் வீணாகப் பவர் சப்ளையின் தலையில் கட்டப்படுகின்றன. ஒன்று புரொசசரின் உள் வோல்ற்றளவு. அது சும்மா இருக்கும்போது 0.7 அளவிலும் உழைக்கும்போது 1.2, 1.3 அளவிலும் ஏறி இறங்குவது இயல்பு. 12 வோல்ற்றை அந்த அளவுக்கு இறக்கும் வேலையை மதர்போட்டில் உள்ள சுற்றே செய்கிறது. பவர் சப்ளை மாறியதால் அது மாறப்போவதில்லை. மற்றது 3 வோல்ற்று பற்றரியின் எண். அது 2.7க்குக் கீழே போய், கணினியின் மணிக்கூடும் பிந்தத் தொடங்கினால், ஒரு சிஆர்2032 பற்றரி வாங்கிப் போட்டால் போதும்.

தாளின் உண்மையான குறைக்கு இப்போது வருகிறேன். பழைய அலகைச் சுமையில் அளந்து காட்டிய அதே தம்பி, புதிய அலகைச் சுமையின்றி, கணினி பயோஸ் திரையில் நிற்கும்போதே அளந்து எழுதியிருக்கிறார். எந்த நிலையில் அளந்தது, எந்த இணைப்பியில் அளந்தது என்ற குறிப்பும் தாளில் இல்லை. சுமையற்ற அளவீடு, அலகு செத்துவிடவில்லை என்பதற்கு மட்டுமே சான்றாகும். பழைய அலகுகூடச் சும்மா இருந்தபோது 11.78 காட்டியது, அந்த எண்ணை மட்டும் தாளில் எழுதியிருந்தால் எல்லைக்குள் நிற்கும் நல்ல அலகு என்றே அதுவும் தேறியிருக்கும்.

ஆகவே வீட்டில் என் மீற்றரால் நானே அளந்தேன். வீடியோவை வெளியே எடுக்கும் வேலையை ஓடவிட்டு, பாவிக்கப்படாமல் இருந்த நான்கு முனை இணைப்பியில் அளந்தபோது 12.08 என்பது 12.03 ஆனது, ஐந்து வோல்ற்று வழி அசையவில்லை. கிராபிக்ஸ் காட்டுக்குப் போகும் இணைப்பியின் பின்பக்கத்தில் ஊசியை வைத்தபோது 11.91 கிடைத்தது. இந்த இறக்கத்தைக் கண்டு பவர் சப்ளையைக் குறை சொல்லக்கூடாது. மின்னோட்டம் பாயும் கம்பியிலும் முனைகளிலும் சிறிது இழக்கப்படுகிறது. 12 அம்பியர் பாயும் பாதையில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே 0.12 வோல்ற்று போய்விடும். பாவிக்கப்படாத இணைப்பியில் மின்னோட்டம் பாயாததால் அங்கே இழப்பும் இல்லை. கிராபிக்ஸ் காட் முனையில் மட்டும் 11.5க்குக் கீழே இறங்கி, மற்ற இணைப்பியில் 12 நிலைத்து நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இறுக்கமாகச் செருகப்படாத அல்லது கறுத்துப்போன இணைப்பியைத்தான். இரண்டு இடத்திலும் ஒன்றாக இறங்கினால்தான் அலகின் மீது சந்தேகம் விழ வேண்டும்.

சுமையில் 12 வழி இறங்கும்போது 5 வோல்ற்று வழி மேலே ஏறுவதைக் கண்டால், இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பழைய வகை அலகு அது என்று கொள்ளலாம். அந்த வகையில் ஒரு வழியின் பாரம் மற்ற வழியையும் இழுக்கும். இப்போதைய நல்ல அலகுகளில் முதலில் 12 வோல்ற்று உருவாக்கப்பட்டு, அதிலிருந்தே 5உம் 3.3உம் தனித்தனியே எடுக்கப்படுவதால் இந்த ஊஞ்சலாட்டம் இருக்காது. என்னுடையதில் இல்லை.

சொந்தமாக அளக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகளும் தேவை. மலிவான மஞ்சள் மீற்றர்களில் உள்ளே இருக்கும் 9 வோல்ற்று பற்றரி பலவீனமடைந்தால், அவை உண்மையைவிடக் கூடிய வோல்ற்றளவைக் காட்டும். எல்லா வழிகளும் ஒரே வீதத்தில் உயர்ந்திருந்தால் முதலில் மீற்றரின் பற்றரியை மாற்றுங்கள். புதிய அலகுகள் பலவற்றில் கம்பிகள் அனைத்தும் கறுப்பாகவே வருவதால், மஞ்சள் 12, சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3 என்ற மனப்பாடம் உதவாது. இணைப்பியின் முனை வரிசையைப் பார்த்தே அளக்க வேண்டும். எனக்குப் பொருத்திய அலகும் அவ்வகையே. தம்பி நான்கு முனை இணைப்பியின் 12 வோல்ற்றுப் பக்கத்தில் ஒரு துண்டு மஞ்சள் நாடாவை ஒட்டித் தந்திருந்தார். கேட்காமலே செய்த நல்ல வேலை அது. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எவரும் திறக்க வேண்டாம். மின்செருகியைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின்னைச் சேமித்து வைக்கும் பெரிய கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். மேலும், மீற்றர் காட்டுவது சராசரியை மட்டுமே. அதன் மேல் ஏறியிருக்கும் வேகமான சிற்றலையை அது காட்டாது. 12 வோல்ற்று வழியில் அந்தச் சிற்றலை 120 மில்லிவோல்ற்றைத் தாண்டக்கூடாது என்பது விதி; அதை அளக்க அலைவுகாட்டி (ஒசிலோஸ்கோப்) வேண்டும். கிளிநொச்சியில் ஒரு திருத்தகத்திடம் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

வன்னிக்கே உரிய ஒரு கேள்வியும் இதில் உண்டு. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஆறு வீதம் ஏறி இறங்கலாம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. மின்மாற்றியிலிருந்து தொலைவில், கம்பி முடியும் இடத்தில் உள்ள வீடுகளில், எல்லோரும் விளக்கும் விசிறியும் நீர்ப்பம்பியும் போடும் நேரத்தில் அது அந்த எல்லைக்கும் கீழே போவதைக் காணலாம். அப்போது 12 வோல்ற்று வழியும் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். 100 முதல் 240 வரை என்று ஒட்டுத்தாளில் எழுதப்பட்ட அலகில் அது குறையக்கூடாது. சுவர் மின்சாரம் குறைந்தால் அலகு கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து அதை ஈடுசெய்யும். சுவரில் 190 இருந்த ஒரு மாலையில் என் அலகின் 12 வழி நூறில் ஒரு வோல்ற்றுக்கூட அசையவில்லை. இந்தக் காரணத்தால்தான், கடையில் எனக்குச் சேர்த்து விற்க முயன்ற ஸ்டெபிலைசரை நான் வாங்கவில்லை. அந்த ஆலோசனை எனக்கு ஏற்புடையதாக இல்லை. பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஆளி உள்ள பழைய அலகை வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை: அந்த ஆளி 115இல் இருக்க இங்கே செருகினால் அலகு வெடித்தே போகலாம்.

ஸ்டெபிலைசருக்குப் பதிலாக யூபிஎஸ் ஒன்றைப் பரிந்துரைத்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். சுவர் மின்சாரம் நின்ற பின் ஒரு பவர் சப்ளை தாங்க வேண்டிய நேரம் 16, 17 மில்லிசெக்கன் மட்டுமே. நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கே 20 மில்லிசெக்கன் வேண்டும். ஆகவே மழைக்காலத்தில் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும்போது கணினி மீண்டும் தொடங்கினால், அது அலகின் பழுதாக இருக்கவேண்டியதில்லை. விளக்கு அசையாமல் எரியும்போது, சுமையேறும் நேரத்தில் மட்டும் நிற்கும் கணினியே தாளோடு கடைக்குத் திரும்ப வேண்டியது. ஐப்பசியில் பிற்பகல் இடிமழை தொடங்கும்போது செருகியைக் கழற்றிவிடுவதற்கு ஈடான காப்பு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூலி 1500 ரூபா, அலகின் விலை தனி. இரண்டும் பற்றுச்சீட்டில் பிரித்து எழுதப்பட்டிருந்தன. பழைய அலகைக் கேட்டதும் திருப்பித் தந்தார்கள். கம்பிகளைக் கட்டாமல் விசிறியின் அருகே தொங்கவிட்டிருந்தது கவலையீனம். செம்மண் புழுதி படியும் நம் ஊரில் காற்றோட்டத்தை அடைப்பது அலகின் ஆயுளைக் குறைக்கும். உத்தரவாதத்துக்குத் தொடரிலக்கம் பதியப்பட்டிருக்கிறதா என்று நானே கேட்டுத்தான் எழுதுவித்தேன். காத்திருக்க ஒரு வாங்கு உண்டு, மின்விசிறி இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தூரத்திலிருந்து போகிறவர்கள் கணினியைச் சுமையேற்றும் உங்கள் வழக்கமான வேலை எதுவோ, அந்தக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் கொண்டு போங்கள். புதிய அலகைப் பொருத்தியதும் அதை ஓடவிட்டு, அந்த நிலையிலேயே மீண்டும் ஒருமுறை அளந்து, “சுமையில்” என்று எழுதி இரண்டாவது வரிசையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தாளில் அதற்கு இடம் இருக்கிறது. கேட்டால் தம்பி மறுக்கமாட்டார்.